மனத்துக்கும் உண்டு மருத்துவம்

சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய நீண்ட வசனம் எதுவும் தேவையில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஓர் ஊரின் பெயரை மட்டும் சொன்னால் போதும், கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். தானாகப் பேசிக்கொள்பவளுக்கும் கீழ்ப்பாக்கம்தான், தேர்வுக்கு முன் அழுபவளுக்கும் கீழ்ப்பாக்கம்தான். ஆழ்வார்பேட்டையிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள ஒரு நல்ல ஊரின் பெயர் இப்படி வசைச்சொல்லாகி நிற்கிறது. கேலி வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அதனால் விளையும் தீங்கு சிறியதன்று. நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கம் வரவில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்று ஒருத்தி சொல்ல வாயெடுக்கும்போது, அந்த ஒரு சொல் அவள் வாயை அடைத்துவிடுகிறது. ஆகவே தோழியரே, மனச்சுமையும் பதற்றமும் கொண்ட பெண்களுக்கு உளவியல் சிகிச்சை எவ்வாறு துணை செய்கிறது என்று எழுதப் புகுந்த நாங்கள், கீழ்ப்பாக்கத்திலிருந்தே தொடங்குகிறோம்.

1794-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், புரசைவாக்கம் பகுதியில் மனநோயாளருக்கான காப்பகம் ஒன்று ஏற்பட்டது. அதுவே 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிற்று. அந்நாளில் அங்கே காவல் அதிகம், சிகிச்சை குறைவு. ஏனெனில் மனநோய்க்கு நல்ல மருந்துகள் என்று சொல்லத்தக்கவை 1950-களில்தான் கிடைக்கத் தொடங்கின. அதுவரை ஊரார் மனத்தில் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட அச்சம், காலம் மாறிய பின்னும் உதிரவில்லை.

அந்த மருத்துவமனைக்கு 1961-இல் ஒரு பெண்மணி தலைமை ஏற்றார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் டாக்டர் சாரதா மேனன். 1923-இல் மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பின் ஓய்ந்து உட்காரவில்லை. கடும் மனநோயிலிருந்து மீண்டவர்கள் வீட்டிலும் வேலையிலும் மறுபடி நிலைபெறுவதற்காக 1984-இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021-இல், தமது 98-ஆம் வயதில் மறைந்தார். இனி யாராவது கீழ்ப்பாக்கம் என்று நம்மைக் கேலி செய்தால், இந்த அம்மையாரின் பெயரைச் சொல்லலாம். பாதிப் பேருக்கு அதற்கு மேல் பேச்சு வராது என்பது நாங்கள் சோதித்துப் பார்த்த உண்மை.

எனினும், கடும் நோயோடு அங்கே செல்பவர் வேறு. நம் கட்டுரையின் தலைவியர் வேறு. இவர்கள் காலையில் எழுந்து பால் வாங்கி, இட்லி வார்த்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு அலுவலகம் போகிறவர்கள். அல்லது நம்மைப்போல் புத்தகப்பை சுமந்து பள்ளிக்கு வருகிறவர்கள். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளேதான் ஓயாத இரைச்சல்.

அச்சம் உடலில் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இருட்டிய தெருவில் நாய் ஒன்று துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் உள்ள ‘அமிக்டலா’ என்ற பகுதி, நாம் யோசித்து முடிப்பதற்குள் அபாயச் சங்கை ஊதிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, இரத்தம் கால் கைத் தசைகளுக்குப் பாய்கிறது. அந்நேரத்தில் செரிமானம் அவசியமில்லையாதலால் வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. ஓடுவதற்கு இவையெல்லாம் மிகவும் பயன்படும். நாய் போனதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், கணக்குத் தேர்வின் வினாத்தாளைக் கண்டும் அதே சங்கு ஊதுகிறது. வினாத்தாள் குரைப்பதுமில்லை, கடிப்பதுமில்லை. அதைவிட்டு ஓடவும் முடியாது. ஓடுவதற்கென்று திரட்டிய ஆற்றல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உடலுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அதுதான் அந்தப் படபடப்பு, அந்த வயிற்றுப் புரட்டல், படித்ததெல்லாம் மறந்துவிட்டதுபோன்ற அந்த வெறுமை. சிறிதளவு பதற்றம் நல்லதே; அது இல்லாவிட்டால் நாம் யாரும் புத்தகத்தைத் திறக்கமாட்டோம். ஆனால் சங்கு நாள் முழுதும் நிற்காமல் ஊதினால், உறக்கமும் பசியும் படிப்பும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால், அதற்கு உதவி வேண்டும். பூப்பெய்தும் வயதுக்குப் பின் இத்தகைய பதற்ற நோய்கள் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகின்றன. ஹார்மோன் மாற்றங்கள் ஒரு பங்கு காரணம். மற்றொரு பங்கு, பெண்கள் மீது ஏற்றப்படும் சுமைகளும் கட்டுப்பாடுகளும் அவர்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையை இங்கே சொல்லவேண்டும். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயரைக் கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் தேர்வு நாள்தோறும் அவளுக்கு வயிற்றுவலி வரும். பொய் வலி அன்று, துடித்துப்போவாள். ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. ‘நடிக்கிறாள்’ என்றார் உறவினர் ஒருவர். ‘கண்பட்டுவிட்டது’ என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார் பாட்டி. கடைசியில் குடும்ப மருத்துவர்தான் அவள் அம்மாவைத் தனியே அழைத்து, ஓர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கு வந்த முதல் கேள்வி, ‘நாளைக்கு இவளுக்கு வரன் பார்க்கும்போது யாராவது இதைச் சொன்னால்?’ என்பதுதான். பதினான்கு வயதுப் பெண்ணின் வயிற்றுவலிக்கும் என்றோ வரப்போகும் வரனுக்கும் இடையே அந்த வீடு மூன்று மாதம் தத்தளித்தது. அந்த மூன்று மாதத்தில் அவள் பள்ளிக்கு வந்த நாட்களைவிட வராத நாட்களே அதிகம்.

சரி, அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? திரைப்படங்களில் வருவதுபோல் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துக் கடிகாரத்தை ஆட்டுவார்கள் என்று நாங்களும் கேள்விப்பட்டிருந்தோம். அப்படியெல்லாம் இல்லை. இரண்டு நாற்காலிகள், ஒரு மேஜை, ஒரு குவளைத் தண்ணீர். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். முதல் நாள் உளவியலாளர் பேசியது மிகக் குறைவு, கேட்டதே அதிகம் என்று தோழி சொன்னாள். ‘எப்போது வலி தொடங்கும்? அதற்கு ஒரு நிமிடம் முன்பு உன் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டாராம். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அதுவரை ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

இம்முறைக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு சி.பி.டி. என்று பெயர். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்படுத்தும் சிகிச்சை எனலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் இதற்கு அடிகோலினார். 2021-இல் நூறு வயதில் காலமானார். நிகழ்ச்சி ஒன்று, அதைப்பற்றி நமக்குள் எழும் எண்ணம் ஒன்று, அந்த எண்ணத்தால் வரும் உணர்ச்சி வேறொன்று. இம்மூன்றையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்பதே அவர் கண்டது. தோழியின் குறிப்பேட்டில் அவள் இப்படி எழுதினாள். நிகழ்ச்சி: நாளை கணக்குத் தேர்வு. எண்ணம்: தோற்றுவிடுவேன், அப்பா பேசமாட்டார், என் வாழ்க்கையே முடிந்தது. உணர்ச்சி: அச்சம், நூற்றுக்குத் தொண்ணூறு. பிறகு அந்த எண்ணத்தை வழக்குமன்றத்தில் நிறுத்துவதுபோல் நிறுத்தி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று இரு பத்திகளில் எழுதச் சொன்னார்கள். சென்ற ஐந்து தேர்வுகளில் ஒன்றில்கூட அவள் தோற்றதில்லை என்பதை அவளே தன் கையால் எழுதிப் பார்த்தபோது, அச்சம் அறுபதுக்கு இறங்கிற்று. ‘பயப்படாதே’ என்று நூறு பேர் சொல்லியும் நடவாதது, இரு பத்திகளால் நடந்தது.

அச்சம் பூச்சியத்துக்கு இறங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இறங்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

அடுத்தது நடத்தை. அஞ்சும் காரியத்திலிருந்து ஒதுங்கினால் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பொறி. ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும், ‘பார்த்தாயா, தப்பினாய்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுமுறை அச்சம் இன்னும் பெரிதாகிறது. ஆகவே படிப்படியாக அஞ்சுவதை அணுகவேண்டும். தோழிக்கு முதற்படி, பழைய வினாத்தாளை வீட்டில் வெறுமனே கையில் வைத்திருப்பது. இரண்டாவது, நேரம் குறிக்காமல் ஒரு வினாவை எழுதுவது. பிறகு கடிகாரம் வைத்து எழுதுவது. பிறகு வகுப்புத் தேர்வு, அதன் பின் பருவத் தேர்வு. ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறும். ஓடாமல் அங்கேயே இருந்தால், சிறிது நேரத்தில் அது தானாகவே தணியும். அலை ஏறி இறங்குவதை மெரினாவில் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். கூடவே ஒரு மூச்சுப் பயிற்சியும் கற்பித்தார்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மட்டுப்படுகிறது. இது வினாத்தாள் கொடுக்கும் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடியது என்பது இதன் தனிச்சிறப்பு.

வாரந்தோறும் வீட்டுப்பாடம் உண்டு. சிகிச்சையிலுமா வீட்டுப்பாடம் என்று நாங்கள் தலையில் கைவைத்தோம். ஆனால் வேலை நடப்பது அந்த முக்கால் மணியில் அன்று, மீதி ஆறு நாட்களில்தான் என்று அவள் சொன்னாள். பன்னிரண்டு வாரங்கள் போனாள். அரையாண்டுத் தேர்வில் கணக்குக்கு வந்து உட்கார்ந்தாள், 61 வாங்கினாள். வயிற்றுவலி இன்றும் எப்போதாவது எட்டிப்பார்க்கிறது. அதற்காக அவள் இப்போது விடுப்பு எடுப்பதில்லை.

சிலர் கேட்கிறார்கள், இதற்கு ஒரு நல்ல சிநேகிதி போதாதா, கோயிலோ பாவசங்கீர்த்தனமோ போதாதா என்று. சிநேகிதி வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அவளுக்கும் நாளை அதே தேர்வு. அவள் கேட்டு முடிக்குமுன் தன் கதையைத் தொடங்கிவிடுவாள், நாங்களும் அப்படித்தான். பாவசங்கீர்த்தனத்தில் நாம் சொல்வது நாம் செய்த பிழையை. அச்சம் பிழையன்று, அதை மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு எடுக்கும் அருட்சகோதரியே இதைச் சொன்னார். செபமும் செய், மருத்துவரையும் பார், காய்ச்சல் வந்தால் இரண்டையும் செய்கிறாயல்லவா என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

இனி நம் அன்னையரின் நிலை. ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லும் அம்மாக்களை நாங்கள் அதிகம் கண்டதில்லை. அவர்களுக்குத் தலைவலி வரும், நெஞ்செரியும், கைகால் மரத்துப்போகும், இடுப்பு ஒடியும். மனத்தின் குறை உடலின் வாயால் பேசுகிறது. உடல்வலிக்கு வீட்டில் ஓர் இடம் உண்டு. தைலம் தேய்க்க ஒருவர் வருவார். மனவலி என்றால் ‘உனக்கென்ன குறை?’ என்ற கேள்விதான் வரும்.

நம் பகுதியின் நடுவே ஓடும் டி.டி.கே. சாலையில் நாம் நாள்தோறும் நடக்கிறோம். முன்னாள் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயர் தாங்கிய சாலை அது. அந்தக் குடும்பத்தில் நடந்தது ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அவருடைய பேரன் டி.டி. ரங்கநாதன் 1979-இல் மதுப்பழக்கத்தால் இறந்தார். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் அத்துயரோடு ஒடுங்கிவிடாமல், 1980-இல் சென்னையில் குடிநோய்க்கென்றே ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எங்களைக் கவர்ந்தது எதுவென்றால், குடிக்கும் ஆணுக்கு மட்டும் சிகிச்சை அளித்து அனுப்பிவிடாமல், அவருடைய மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனைத் திட்டம் அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் காரணத்தை யோசித்துப் பாருங்கள். இரவு கதவு தட்டும் ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் படுத்திருந்த ஒரு பெண்ணின் உடலில், நாம் முன்னே சொன்ன அபாயச் சங்கு நின்றிருக்குமா? கணவர் திருந்திய பின்னும் அவளுக்கு உறக்கம் வராது. அவர் குடித்ததற்குத் தான் காரணமில்லை என்பதை அவள் நம்புவதற்கே பல வாரங்கள் ஆகும். தன்னைப்போன்ற பிற பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசும்போது, ‘எங்கள் வீட்டிலும் அப்படித்தான்’ என்று ஒருத்தி சொல்வாள். குழுச் சிகிச்சையின் பலம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று எங்கள் பள்ளிக்கு வந்து உரையாற்றிய ஆலோசகர் அம்மையார் கூறினார்.

வசதியுள்ளவர்க்குத்தானே இதெல்லாம் என்று தோன்றலாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி பேருந்துக் கட்டணத்துக்குப் பணமில்லாமல் மருத்துவமனைக்கு வர இயலாது உயிரை மாய்த்துக்கொண்டதை அறிந்து மனம் நொந்தார். 2006-இல் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்தார். மருத்துவமனை வாசலில் மரநிழலில் ஒரு பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். வருகிறவள் தன் பிரச்சினைகளைச் சொல்வாள். பாட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அதற்கு என்ன வழி என்று அவளையே கண்டுபிடிக்க வைப்பார். அவர்கள் மொழியில் இந்நோய்க்கு ‘அளவுக்கு மீறி நினைத்தல்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறதாம். நம் பாட்டிகளும் ‘நினைச்சு நினைச்சே உருகிட்டா’ என்றுதானே சொல்கிறார்கள்! 2016-இல் வெளியான ஆய்வில், பெஞ்சில் பாட்டியிடம் பேசியவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஆறு மாதத்தில் வெகுவாகத் தேறியிருந்தது தெரியவந்தது. நம் வீட்டுப் பாட்டியும் இதைச் செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் அந்தப் பாட்டிமார்கள் குறுக்கே பேசாமல் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் பாட்டிகளை நினைத்தால் அந்த இடத்தில்தான் சற்று ஐயமாக இருக்கிறது.

நம் பக்கத்து ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ‘ஸ்நேகா’வையும் சொல்லாமல் விடக்கூடாது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய அமைப்பு இது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தில் தவிப்பவர்கள் பேசுவதற்குத் தொண்டர்கள் அங்கே இருக்கிறார்கள். இவர்கள் சிகிச்சை அளிப்பவர்கள் அல்லர்; தீர்ப்புக் கூறாமல் செவிகொடுப்பவர்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் இவர்களுக்கு வரும் அழைப்புகளில் நம் வயதினருடையவை மிகுதி. ஒரு பாடத்தில் தோற்றால் ஓராண்டு வீண் என்ற பழைய நிலை எத்தனை பிள்ளைகளை வதைத்தது என்று இவர்கள் அரசிடம் எடுத்துரைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தோற்றவர்கள் உடனே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் படிப்பைத் தொடர வழி பிறந்தது. 2017 முதல், மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழக அரசு நிறுத்திவிட்டது. அறைக்குள் ஒருத்திக்குச் செய்யும் சிகிச்சை ஒரு பக்கம். அவளை வாட்டும் ஏற்பாட்டையே மாற்றுவது மற்றொரு பக்கம். முன்னதை மட்டும் செய்துகொண்டிருந்தால், ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல் ஆகும் என்பது எங்கள் கருத்து.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படவேண்டும், தண்டிக்கப்படாமல் பராமரிக்கப்படவேண்டும் என்கிறது அச்சட்டம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதித்தரும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை செய்பவர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் இப்பயிற்சி பெற்றவர்கள் என்று எண்ணிவிடவேண்டாம். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. தனியாரிடம் கட்டணம் அதிகந்தான். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் கட்டணமில்லை. கீழ்ப்பாக்கத்திலும் வெளிநோயாளிகளாகச் சென்று அன்றே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். எல்லோருக்கும் ஒரே உளவியலாளர் பொருந்தமாட்டார். இரண்டு மூன்று முறை போயும் மனம் திறக்க முடியவில்லையென்றால் வேறொருவரிடம் செல்லலாம். சிலருக்குப் பேச்சோடு மருந்தும் வேண்டியிருக்கும்.

நாங்கள் அந்த ஆலோசகர் அம்மையாரிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி, ‘நாங்கள் சொல்வதை அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களா?’ என்பது. அரங்கில் அப்படியோர் அமைதி. பின்வரிசையில் அரட்டை அடித்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றார் அவர். ஆனால் அறைக்குள் பேசும் ஒவ்வொன்றும் வெளியே போகாது. உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், யாரேனும் உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலும் மட்டுமே சொல்லியாகவேண்டும். அதையும் உன்னிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் சொல்வோம் என்றார். பெற்றோரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்கலாம் என்றும் கூறினார். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. கட்டணமில்லை. தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.